மூன்றாம் வகுப்பிலும் வாசிக்க வரவில்லையா: பள்ளி உளவியலாளர் எதிலிருந்து தொடங்க வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு நீங்கள் உளவியலாளராகப் போகிறீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க வராத ஒரு பிள்ளையை வகுப்பாசிரியர் அழைத்து வருகிறார். அவர் கேட்பது பெரும்பாலும் ஓர் எண்தான்: ஐ.க்யூ. எவ்வளவு? அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கண், காது. கண்ணுக்கு 6 மீட்டர் தூரத்து எழுத்துப் பலகை போதும். காதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. பிறவிக் காது கேளாமையில் அதற்குப் பங்கிருக்கிறது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, எண்களைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் காது மருத்துவரிடம் அனுப்பிவிட்டு அந்த முடிவு வரும்வரை காத்திருங்கள்.

அடுத்து இரண்டு ஆண்டு வருகைப் பதிவேடு. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போய்வரும் குடும்பங்களில், மாதக்கணக்கில் பள்ளி விட்டுப்போயிருக்கும். பாடமே நடக்காத பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு (அறிவுத்திறன் இருந்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ வராத நிலை) என்று முத்திரை குத்த முடியாது. தனிக் கவனம் கொடுத்தும் 6 மாதம் முன்னேற்றம் இல்லாதபோதுதான் அந்தப் பேச்சே எழவேண்டும்.

இந்த மாவட்டங்களில் மதிப்பீடு அதிகம் தவறுவது மொழியில். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கம் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ். பினே-காமத் போன்ற பேச்சு மிகுந்த ஐ.க்யூ. சோதனையைத் தமிழில் மட்டும் வைத்தால், நன்றாக இருக்கும் பிள்ளையும் குறைந்த மதிப்பெண்ணே எடுக்கும். வண்ண மேட்ரிசஸ் (படத்தில் விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுப்பது), செகுயின் பலகை (வடிவக் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்துவது) போன்ற பேச்சில்லாச் சோதனைகளையும் சேர்த்து வைத்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மொழிபெயர்க்க அம்மாவையோ அண்ணனையோ உட்கார வைக்காதீர்கள். பாசத்தில் விடையையும் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அரசு அலுவலகமான வட்டார வள மையத்தில் தெலுங்கோ கன்னடமோ தெரிந்த சிறப்பாசிரியரைக் கேளுங்கள். கேள்வியை விளக்காமல் அப்படியே சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டு மொழியில் ஒரு கதையை முன்பின் மாறாமல் சொல்கிற பிள்ளைக்குத் தமிழ்ப் பழக்கம்தான் போதவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள்.

தமிழ் வாசிப்பிலும் எதைக் குறித்துக்கொள்வது என்பதில் கவனம் வேண்டும். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். கொம்பு, கால், சுழி தொடர்ந்து மாறுவதும், தெரிந்த சொல்லையும் ஒவ்வொரு முறை புதிதாகக் கூட்டுவதும், வேகம் ஏறவே ஏறாததும்தான் பொருட்டு. இன்னொன்று, ஃப்ளோரைடு தண்ணீரால் பல் பழுப்பேறிய பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்பட்டு முணுமுணுப்பார்கள். தனியறையில் வாசிக்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

சோதனையைக் காலையில், சாப்பிட்ட பிறகு, இரண்டு நாளாகப் பிரித்து வையுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மதிப்பீடு என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு உள்ளவர் செய்ய வேண்டும். பள்ளி ஆலோசகரின் கையெழுத்து செல்லாது.

எண் வந்ததும் ஒரு சிக்கல் வரும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, சமூக முதிர்ச்சி அளவையில் (அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனை அளப்பது) 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீத அறிவுசார் குறைபாடு. 40 சதவீதத்தைத் தாண்டுவதால் சலுகைகள் கிடைக்கும். 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம்தான். கற்றல் குறைபாட்டுக்கோ ஐ.க்யூ. 85-க்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அந்த விதிகளில் இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. உங்கள் உழைப்பு அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான் என்பது எங்கள் கருத்து. விதிகள் 2024-இல் திருத்தப்பட்டன. நடப்பு அளவுகளை மாவட்ட மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொண்டு பெற்றோரிடம் பேசுங்கள்.

ஆசிரியருக்கு நீண்ட அறிக்கை வேண்டாம். ஒரே பக்கம், தமிழில், திங்கட்கிழமை காலை செய்யக்கூடியதாக எழுதுங்கள்: முன்வரிசையில் இடம், நாளுக்கு ஐந்து புதுச் சொல், பத்து நிமிடமாக மூன்று முறை பயிற்சி, கரும்பலகையிலிருந்து எழுதுவதைப் பாதியாகக் குறைத்தல், தேர்வை வாய்மொழியாகக் கேட்டல். எட்டு வாரம் கழித்து அதே பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் திட்டம் உண்மையில் நடந்ததா என்று விசாரியுங்கள்.

சான்று தேவைப்படும் பிள்ளைக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழுவிடம் அனுப்பவேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். அந்த 2018 விதிகளில் கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதிலிருந்து சான்று கொடுக்கவும், 14, 18 வயதில் மறுபடி மதிப்பிடவும் சொல்லியிருந்தது. 14 என்பது ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பு. அதைத் தவறவிட்டவர்கள் பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவற்றுக்கு அலைகிறார்கள். எனவே ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதுமே தலைமையாசிரியரிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பேசும்போது, பிள்ளையுடன் தினமும் இருப்பவரிடம் பேசுங்கள். பல வீடுகளில் அது பாட்டி. பெற்றோரை ஞாயிற்றுக்கிழமை போனில் பிடிக்கலாம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போது கோப்பு பின்னால் வராது. அதன் நகல் ஒன்றைப் பெற்றோரிடமும் இன்னொன்றை வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடமும் மே மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.