ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்: வேலை போகும் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தொழிலாளர் தரப்பு வழக்குகளை நடத்தும் எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. அம்பத்தூரில் லேத் ஓட்டிய தந்தை எந்த வழியில் ஏமாந்தாரோ, அதே வழியில் இன்று சோழிங்கநல்லூரில் கணினி முன் அமர்ந்திருக்கும் மகளும் ஏமாறுகிறார். தொழில் மாறியது, சம்பளம் மாறியது. தவறு மட்டும் மாறவில்லை.

நியமன ஆணையைப் பத்திரப்படுத்துங்கள், சம்பளச் சீட்டைத் தொலைக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோரும் அறிந்தவை. விவரம் தெரிந்தவர்களும், சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞர்களும்கூடத் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆகவே 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் சில கணக்குகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மிரட்டலுக்குப் பணிந்து ராஜினாமா எழுதுவது

இந்த ஒரு தவறைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

நடக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை, ஷிப்ட் முடியும் நேரம். மனிதவளப் பிரிவின் அறைக்குக் கூப்பிடுவார்கள். எதிரே மூன்று பேர் இருப்பார்கள். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். “நாங்கள் நீக்கினால் உங்கள் பெயர் கெட்டுவிடும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழ், கிராஜுவிட்டி எல்லாம் சுமுகமாக வந்துவிடும்” என்பார்கள். குரலில் கனிவு இருக்கும், மேசையில் பேனா தயாராக இருக்கும். வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நினைவுக்கு வர, அந்த மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருவார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வந்தார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலைப் பார்த்தேன். “குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அந்த வாசகம் அவருடையது அல்ல, பக்கத்தில் நின்றவர் சொல்லச் சொல்ல எழுதியது. ஆனால் தாளில் இருப்பது அவர் கையெழுத்து. அதன்பின் நாற்பது நாள் வேறு வேலை தேடி அலைந்துவிட்டு, எதுவும் கிடைக்காத பிறகுதான் வழக்கறிஞரைத் தேடியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கப்போவது இரண்டே கேள்விகள். இது உங்கள் கையெழுத்துதானே? வற்புறுத்தினார்கள் என்றால் நாற்பது நாள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் சொல்ல முடியும். இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வற்புறுத்தினார்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்போ முழுவதும் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது.

அந்தக் கடிதத்தால் என்னென்ன போகின்றன என்று பாருங்கள். நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். பழைய சட்டத்திலும் இப்படித்தான், புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இப்படித்தான். புதிய தொகுப்பில், வேலை இழந்தவர் வேறு திறன் கற்றுக்கொள்ள உதவும் மறுதிறன் நிதி என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்காகவும் நிர்வாகம் 15 நாள் சம்பளத்தை அதில் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். மாதம் 26,000 ரூபாய் வாங்கிய, பதினொரு ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு முன்னறிவிப்புச் சம்பளமும் இழப்பீடும் மட்டுமே சுமார் 1,69,000 ரூபாய் ஆகும். ராஜினாமா செய்தவருக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது. விசாரணையே இல்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்து மீண்டும் வேலைக்குச் செல்லும் வாய்ப்பும் அந்தக் காகிதத்தோடு மங்கிவிடுகிறது. வேலையை விட்டு அனுப்பியது நிர்வாகம், ஆனால் பதிவேட்டில் அவராகவே போனதாக ஆகிவிடுகிறது.

இதற்குப் பதிலாக அவர்கள் தருவதாகச் சொல்வது என்ன? கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு ராஜினாமா செய்தாலும், ஆட்குறைப்பு செய்தாலும் அது உரியதுதான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முதலிய ஊதியத்தைக் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, முடித்த ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை அது. பி.எஃப். பணம் உங்களுடையது. வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். இணையதளத்தில் பதிவு செய்யலாம். பணிச் சான்றிதழையும் மாதிரி நிலையாணைகள், அதாவது பணி நிபந்தனைகளுக்காக அரசு வகுத்த மாதிரி விதிகள், தொழிலாளியின் உரிமையாகவே சொல்கின்றன. பாக்கிச் சம்பளத்தை வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஆக, ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியதைச் சலுகைபோலக் காட்டி, உங்களிடம் இருந்த ஒரே பிடியை வாங்கிக்கொள்கிறார்கள். இதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்.” வாதாட வேண்டாம், சட்டம் பேச வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். எழுந்து வாருங்கள். நீக்குவதென்றால் நீக்கட்டும். நீக்கல் ஆணை கையில் இருந்தால் அதை எதிர்த்துப் போராடச் சட்டத்தில் வழி இருக்கிறது.

எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் அன்று இரவே செயல்படுங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வரும் முன், பொதுவாக அதைத் திரும்பப் பெற முடியும். உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்து நிர்வாகத்துக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கடைசியில் “இது என் விருப்பத்தில் எழுதியது அல்ல, இதைத் திரும்பப் பெறுகிறேன், நாளை வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்” என்று முடியுங்கள். மறுநாள் உண்மையிலேயே வாயிலுக்குச் செல்லுங்கள். காவலாளி தடுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதையும் எழுதி அனுப்புங்கள். அதே கடிதத்தை விரைவு அஞ்சலில் பதிவுடன் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் செட்டில்மென்ட் தொகையைப் போட்டுவிட்டால், “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று அன்றே தெரிவியுங்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் பேனாவும் தாளும் இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். ‘பெஞ்ச்’ என்று சொல்லி வேலை தராமல் உட்கார வைத்திருந்த ஓர் இளம்பெண்ணை அப்படித்தான் அழுத்த வைத்தார்கள். அவர் அன்று இரவு பதினொரு மணிக்கு நான் மேலே சொன்ன மாதிரியான ஒரு மின்னஞ்சலை அனுப்பினார். சட்ட மொழி எதுவும் அதில் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். தகராறுகளைப் பேசித் தீர்க்கும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் அந்த மின்னஞ்சலை வைத்த பிறகு நிறுவனத்தின் பேச்சே மாறியது. உதிரிபாகத் தொழிற்சாலைக்காரரிடம் அப்படி ஒரு மின்னஞ்சல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

வேலைக்குச் சேரும் நாளிலும் போடாதீர்கள், விடுப்பு கேட்கும் நாளிலும் போடாதீர்கள்.

தபாலை வாங்க மறுப்பது

நிறுவனத்திடமிருந்து வரும் கடிதத்தை வாங்காவிட்டால் அது செல்லாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேர்மாறானதே உண்மை. சரியான முகவரிக்குப் பதிவுடன் அனுப்பி, ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பினால், கடிதம் உங்களைச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். “உடனே வேலைக்குத் திரும்புங்கள்” என்று எழுதிய கடிதத்தை நீங்கள் வாங்காமல் விட்டால், நீங்களாகவே வேலையைக் கைவிட்டீர்கள் என்ற வாதத்துக்கு நிர்வாகத்தின் கையில் ஆதாரம் கிடைக்கும். வாங்குங்கள், உறையையும் சேர்த்து வையுங்கள், பதில் எழுதுங்கள்.

உள் விசாரணைக்குப் போகாமல் இருப்பது

“அவர்களே குற்றம் சாட்டி, அவர்களே விசாரிக்கிறார்கள், நான் ஏன் போக வேண்டும்?” என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் போகாவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். அதன்பின் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று வாதிடுவது மிகக் கடினம். போங்கள். உங்களுக்கு உதவியாக ஒரு சக தொழிலாளியைக் கேளுங்கள், ஆவணங்களைக் கேளுங்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததை விசாரணைப் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் வழக்கு நிற்பது அந்த வரிகளின் மீதுதான்.

இடைநீக்கத்தில் இருப்பவர்கள், அந்தக் காலத்துக்குத் தர வேண்டிய பிழைப்பூதியத்தைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்து 180 நாள் வரை முக்கால் பங்கு, அதற்கு மேல் முழுச் சம்பளம்.

‘மேனேஜர்’ என்ற பட்டத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வது

அடையாள அட்டையில் உதவி மேலாளர் என்று இருப்பதால் தொழிலாளர் சட்டம் தமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பட்டம் எதையும் தீர்மானிக்காது. நாள் முழுவதும் நீங்கள் செய்யும் வேலை என்ன என்பதுதான் கேள்வி. யாருக்கும் விடுப்பு வழங்க, யாரையும் வேலைக்கு எடுக்க, யார் மீதும் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், மேலாளர் என்பது வெறும் அட்டை அச்சு. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் புதிய தொகுப்பில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கடை, அலுவலகம் போன்ற இடங்களில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இருக்கிறது. தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். அந்த முப்பது நாளும் பெரும்பாலும் உறவினர்களிடம் ஆலோசனை கேட்பதிலேயே போய்விடுகிறது.

காலம் இருக்கிறது என்று காத்திருப்பது

பழைய சட்டத்தில் பணி நீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள் இருந்தன. புதிய தொகுப்பில் தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் வழக்குக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வாதமே எழாதபடி, முதல் மாதத்திலேயே மனுவைக் கொடுங்கள்.

தவறான அலுவலகத்தில் மனு கொடுப்பது

வீடு சென்னையில் இருப்பதால் எல்லோரும் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கே ஓடுகிறார்கள். தொழிற்சாலை ஒரகடத்தில் இருந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான அலுவலரிடம் போக வேண்டும். வங்கி, காப்பீடு, துறைமுகம் என்றால் மத்திய அரசின் வரம்பு, சென்னை சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

480 நாளைக் கணக்கில் வைக்காமல் விடுவது

இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அந்த நாள்களை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. வருகைப் பதிவேடு நிர்வாகத்திடம் இருக்கும், தரமாட்டார்கள். ஆனால் இ.எஸ்.ஐ. சந்தா விவரம், பி.எஃப். பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரியைத் திட்டுவது

குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் முதல் இணைப்பாக அது வரும்.

சமரசத்தில் வாய்வார்த்தையை நம்புவது

பேச்சுவார்த்தை முடிந்து எல்லோரும் எழுந்து கைகுலுக்கும் நேரத்தில்தான் ஒப்பந்தத் தாளை நீட்டுவார்கள். உட்கார்ந்து படியுங்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், தவறினால் எவ்வளவு வட்டி என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கிராஜுவிட்டி இந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதும் இருக்க வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னால், அதையும் எழுதிய பிறகு கையெழுத்திடுகிறேன் என்று சமரச அலுவலரிடமே சொல்லுங்கள். அவர் அடுத்த வாய்தாவுக்குத் தேதி கொடுப்பார்.