ஸ்மித் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் ராடைத் தொட்டுப் பாருங்கள்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: புது சைக்கிள் செயின்கூட ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருவேறிவிடும். ஜிம்மில் எடை தூக்கப் பயன்படும் ஸ்மித் மெஷினுக்கும் அதே கடல் காற்றுதான். அதனால் கடையில் காட்டும் வசதிகளைவிட, எடை மாட்டும் பார் ஓடுகிற ராடும் பேரிங்கும்தான் எனக்கு முக்கியம்.

ஸ்மித் மெஷினில் பார் இரண்டு ராடுகளைப் பிடித்தபடி மேலும் கீழும் மட்டும் ஓடும். மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டி நின்றுவிடும். துணைக்கு ஆள் இல்லாமல் பயிற்சி செய்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அமெரிக்க உடற்பயிற்சி ஆசிரியர் ஜாக் லாலேன் செய்த மாதிரியை 1950களில் ரூடி ஸ்மித் மேம்படுத்தினார். பெயர் அப்படி வந்ததுதான்.

படி 1: நேரா, சாய்வா?

நேர் ராடு என்றால் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் பார் ஒரே மாதிரிதான் போகும். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது), கெண்டைக்கால் பயிற்சி எல்லாவற்றுக்கும் சரி. புதியவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சாய்வு ராடு பெரும்பாலும் 7 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து பாரைத் தூக்குவது) இது நன்றாக அமையும், ஆனால் திசை முக்கியம். ராடின் மேல்முனை சாயும் பக்கம் தலை வைத்துப் படுங்கள். பார் நெஞ்சிலிருந்து தோளை நோக்கி ஏறும். ஸ்குவாட்டுக்கு வெறும் பாரோடு இரண்டு பக்கமும் நின்று பார்த்து, முட்டிக்கு எது இதமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பார் முன்னும் பின்னும்கூட நகரும் மாடல் ஒன்று உண்டு. விலையும் அதிகம், துருப்பிடிக்கும் இடங்களும் அதிகம். இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: பாரை எடை போடுங்கள்

சில மெஷின்களில் எதிர் எடை தொங்கும். பார் லேசாக இருக்கும். சிலவற்றில் இருக்காது. கடைக்காரர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பாரின் நடுவில் கயிறு கட்டி, தராசை மாட்டி, ஒரே வேகத்தில் மெதுவாகத் தூக்குங்கள். 12 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அதே வேகத்தில் இறக்குங்கள், 8 காட்டுகிறது. அப்படியானால் பாரின் எடை நடுவில் உள்ள 10 கிலோ. மீதி 2 கிலோ உரசல். இந்த வித்தியாசம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்ல மெஷின். எதிர் எடை உள்ள மெஷின் என்றால், கம்பிக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

படி 3: ராடும் பேரிங்கும்

பிளாஸ்டிக் புஷ் (ராடைச் சுற்றிச் சறுக்கும் வளையம்) விலை குறைவு, எடை ஏற ஏற இறுகும். பால் பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் ராடில் ஒரு துருப்புள்ளி விழுந்தாலும் கரகரக்கும். பழைய மெஷின் என்றால் டார்ச் அடித்து, கொக்கி உயரத்துக்குக் கீழே இருக்கும் பகுதியைப் பாருங்கள். வேர்வை சொட்டுவது அங்கேதான்.

படி 4: கொக்கியும் ஸ்டாப்பரும்

கொக்கி மாட்டும் இடங்கள் நெருக்கமாக இருக்கட்டும். தண்டையார்பேட்டையில் நான் முதலில் போன ஜிம்மில் ஒரு பக்க ஸ்டாப்பர் (பார் அதற்குக் கீழே இறங்காமல் தடுக்கும் முட்டு) தொலைந்தே போயிருந்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்க முடியாமல் போனபோது பார் நெஞ்சில் கோணலாக அமர்ந்தது. பக்கத்தில் இருந்த அண்ணன் ஓடி வந்து தூக்கினார். இரண்டில் ஒரு ஸ்டாப்பர் குறைந்தாலும், அந்த மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு, நிமிர்த்திய நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, கழுத்துக்கு மேலே பார் நிற்கும்படி அவற்றை வையுங்கள்.

படி 5: இடம்

பார் கிட்டத்தட்ட 7 அடி வரும். எடை பிளேட் மாட்ட இரண்டு பக்கமும் 2 அடி விடுங்கள். மொட்டை மாடி ஷெட் என்றால் கூரை உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வியாசர்பாடி மாதிரி மழைத் தண்ணீர் நிற்கும் தெருவில் தரைத்தளம் என்றால் மேடை கட்டி ஏற்றுங்கள். பிளேட் துளையையும் கவனியுங்கள்: 50 மி.மீ. பாருக்குச் சிறிய துளை பிளேட் ஏறாது.

மெஷின் வந்த பிறகு, வாரம் ஒருமுறை ராடை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கெட்டி கிரீஸ் வேண்டாம்; கடற்கரை மணல் அதில்தான் ஒட்டும்.