பழைய ஸ்பாஞ்ச், புதுத் தொட்டி: உறைமோர்க் கணக்கு இங்கே செல்லாது

புதிதாக மீன் தொட்டி வைப்பவருக்குப் பழைய தொட்டிக்காரர் தரக்கூடிய உருப்படியான பரிசு, அழுக்கேறிய ஃபில்டர் ஸ்பாஞ்ச்தான். மீனின் கழிவிலும் மிச்ச இரையிலும் இருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டை மட்டும் அவ்வப்போது தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். இந்தப் பாக்டீரியா தானாகப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சோ செராமிக் ரிங்கோ எடுத்துவந்து போட்டால் சில நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் வேலை முடியும்.

பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆனால் அந்த நினைப்பிலேயே செய்வதால்தான் பாதிப் பேர் தொட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் மோர் வாங்குவது மாதிரி, பழைய தொட்டித் தண்ணீரை இரண்டு குடம் வாங்கி வந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பாக்டீரியா மிதந்து திரிவதைவிட எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் அதிகம். ஸ்பாஞ்சின் துளைக்குள்ளும் ரிங்கின் சொரசொரப்பிலும் தரையில் கிடக்கும் கூழாங்கல்லிலும்தான் அதன் குடித்தனம். தண்ணீரோடு வருவது பெரும்பாலும் நைட்ரேட்டும், இருந்தால் நோயும்தான்.

அடுத்தது நானே செய்த தப்பு. சென்னை கொளத்தூருக்கு மீன் வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியில் நண்பர் வீட்டில் ஒரு நல்ல ஸ்பாஞ்ச் கிடைத்தது. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டேன். அப்புறம் கடை கடையாகச் சுற்றிவிட்டு வீடு சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கவரைப் பிரித்தால் சாக்கடை நாற்றம். “சரி, எப்படியும் அழுக்குதானே” என்று அதையே தொட்டியில் வைத்துவிட்டு மோலிகளை விட்டேன். நாலாம் நாள் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில், 0 காட்ட வேண்டிய அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு). ஒரு வாரத்தில் இரண்டு மோலிகள் போய்விட்டன. அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பது அன்று உறைக்கவில்லை. அரை மணி நேரப் பயணம் என்றால் ஈரம் காயாமல், கவரில் காற்று விட்டுக் கட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் மூடாத வாளியில் பழைய தொட்டித் தண்ணீர், கூடவே பேட்டரி ஏர் பம்ப். மூக்குதான் முதல் டெஸ்ட் கிட்: நல்ல ஸ்பாஞ்சில் மழை பெய்த மண் வாசனை அடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கை துறுதுறுக்கும். இவ்வளவு பழுப்பாக இருக்கிறதே என்று குழாயில் பிடித்து அலசத் தோன்றும். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ, அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவுக்கு விஷம். அலசியே ஆகவேண்டுமென்றால் பழைய தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை மெல்லப் பிழிந்தால் போதும். புதுத் தொட்டித் தண்ணீருக்கும் குளோரினை முறிக்கும் ஆண்டி குளோரின் மருந்தை முதலில் போட்டுவிட்டுத்தான் ஸ்பாஞ்சை உள்ளே இறக்க வேண்டும்.

உறைமோர்க் கணக்கு அடியோடு தப்புவது அளவில்தான். ஒரு ஸ்பூன் மோர் ஒரு படிப் பாலையும் தோய்த்துவிடும், ஏனென்றால் தயிர் பாக்டீரியா சில மணி நேரத்திலேயே பல மடங்கு பெருகும். நம்முடையது இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும் சோம்பேறி. பழைய தொட்டியில் எத்தனை மீனுக்கு வேலை செய்ததோ அந்த அளவுதான் அதில் இருக்கும். ஆறு கப்பிகளுக்கு ஓடிய ஸ்பாஞ்சை 2 அடித் தொட்டியில் வைத்து, அன்றே நாலு கோல்ட்ஃபிஷையும் பத்து மோலியையும் விட்டால் அது தாங்காது. மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். கொடுப்பவரும் தாராளப் பிரபுவாகி மொத்தத்தையும் கழற்றிக் கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அவர் தொட்டியில் அம்மோனியா ஏறும்.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. ஸ்பாஞ்சை வைத்துவிட்டு, “நன்றாக செட் ஆகட்டும்” என்று மூன்று வாரம் மீனே விடாமல் காத்திருப்பது. அம்மோனியா வராவிட்டால் பாக்டீரியாவுக்கு ஏது சாப்பாடு? அன்றே இரண்டு மூன்று சின்ன மீன்களாவது வேண்டும், இல்லையென்றால் அளந்து அம்மோனியா விட வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று: அந்தத் தொட்டியில் சமீபத்தில் வெண்புள்ளி நோய் வந்ததா, மருந்து போட்டார்களா? நோயும் நத்தை முட்டையும் ஸ்பாஞ்சோடு இலவசமாக வரும். மெத்திலீன் ப்ளூ மருந்து போட்ட தொட்டி என்றால் பாக்டீரியாவே அடிபட்டிருக்கும். கடல் மீன் தொட்டி ஸ்பாஞ்ச் நன்னீருக்கு உதவாது.

போர்வெல் தண்ணீர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், அதில் பிஎச் (காரத்தன்மையின் அளவு) ஏறியிருக்கலாம். பிஎச் 7 என்பது 8 ஆனால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது டெஸ்ட் கிட்டைக் கையில் எடுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால் அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றி, இரையைக் குறையுங்கள்.

இரண்டும் 0 காட்ட ஆரம்பித்ததும் நண்பர் ஸ்பாஞ்சைத் திருப்பிக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். உங்கள் புது ஃபில்டரில் அதற்குள் போதிய பாக்டீரியா ஏறியிருக்காது. பழைய ஸ்பாஞ்சும் புது ஃபில்டரும் சேர்ந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓடட்டும், அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.