கை நடுக்கத்தை வீட்டில் அளப்பது எப்படி

நரம்பியல் மருத்துவர் உங்கள் வீட்டுப் பெரியவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள்தான் பார்ப்பார். அந்த நேரத்தில் மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் கை அடங்கியிருக்கும். 'பரவாயில்லையே' என்று மருந்துச்சீட்டைப் புதுப்பித்து அனுப்பிவிடுவார். விடியற்காலையில் டீ கோப்பையைப் பிடிக்க முடியாமல் போவது அவருக்குத் தெரிய வழியில்லை. எந்த நேரத்தில், எந்த நிலையில், எவ்வளவு நடுங்குகிறது, அதற்கும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவியை நீங்களே செய்யலாம். என்ன நோய் என்று அது சொல்லாது. சொல்லச் சொல்லவும் கூடாது.

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் தென்பகுதியில் ஒரு ஆலையில் மோட்டார், பம்பு பேரிங்குகளின் அதிர்வை அளந்து, எது எப்போது போகும் என்று சொல்வது என் வேலை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்களோடு இருக்கும் மாமனாருக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று தெரிந்ததும், பேரிங்குக்குச் செய்வதையே மாமாவின் கைக்கும் செய்தேன். அதே உணரி (சென்சார்), அதே கணக்கு. பேரிங் திட்டாது, மாமா திட்டுவார்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். ஆஸ்துமா பம்பு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், லித்தியம், இவையும் நடுக்கம் தரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு பார்க்கின்சன் மாதிரியே தோற்றம் காட்டிவிடும். ஆகவே சாப்பிடும் எல்லா மருந்தின் பட்டியலும் முதலில் மருத்துவர் கைக்குப் போகட்டும். உறவுக்காரர் யாராவது கொடுத்த பூனைக்காலி விதைப் பொடி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அதில் இருப்பது லெவோடோபா, பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் அதே சரக்கு. சொல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் எந்தப் பதிவுக்கும் அர்த்தம் இருக்காது, உடம்புக்கும் ஆபத்து.

என்ன வேண்டும்

சும்மா முயன்று பார்க்க ஒரு ஸ்மார்ட்போன் போதும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபிஃபாக்ஸ் என்ற இலவச செயலி, போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை (அசைவின் வேகம் மாறுவதை அளப்பது) படித்து, வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று சொல்லும் அலைவெண் வரைபடமும் போட்டுக் காட்டும். ஆனால் போனின் எடை ஒரு சிக்கல். சாதாரணமாக எல்லோருக்கும் இருக்கும் மெல்லிய நடுக்கத்தில், கையில் எடை ஏறினால் அலைவெண் குறையும். மூளையிலிருந்து வரும் பார்க்கின்சன் நடுக்கம் எடைக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே கையில் எடை கட்டி இதைச் சோதிப்பார்கள். நாமோ தெரியாமல் எடை கட்டி அளந்துவிடக் கூடாது.

அதனால் சில கிராம் எடையுள்ள எம்பியூ-6050 உணரிப் பலகையையே நான் விரும்புவேன். முடுக்கமானியும், சுழற்சியை அளக்கும் கைரோவும் ஒரே சிப்பில் இருக்கின்றன. விலையும் மலிவு. அதோடு அளவுகளைப் படித்து எழுத இஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை, எஸ்டி கார்டு மாட்டும் பலகை, மெல்லிய நான்கு இழைக் கம்பி, ஒரு பவர் பேங்க். உணரி மட்டும் கையில் இருக்கும், மற்றதெல்லாம் சட்டைப் பையில். கருவி உடம்பில் இருக்கும்போது சுவர் பிளக்கில் சார்ஜர் மாட்டாதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் லித்தியம் செல்லைத் தோலோடு கட்டாதீர்கள். பவர் பேங்கிலும் ஒரு தொல்லை உண்டு. இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வாங்கும் முன் இஎஸ்பி32-ஐ மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

உணரியின் இடம் புறங்கை, நடுவிரலுக்கு நேராக ஓடும் எலும்பின் மேல். மணிக்கட்டுக்கு மேலே, கைக்கடிகார இடத்தில் கட்டினால் மணிக்கட்டு மூட்டில் நடக்கும் ஆட்டம் பாதிக்கு மேல் தப்பிவிடும். டர்பன் வேர்வைக்கு டேப் ஒட்டாது. மெல்லிய கிரேப் பேண்டேஜ் இரண்டு சுற்று சுற்றி வெல்க்ரோ போட்டால் நிற்கும். உணரி லொடலொடவென்று ஆடினால் அதன் ஆட்டமும் சேர்ந்து பதிவாகும். ஆலையில் இதற்காக உணரியைத் திருகாணி போட்டே இறுக்குவோம். மாமாவிடம் அது நடக்காது.

சரி, அமைப்புகளுக்கு வருவோம். வினாடிக்கு 100 அளவு எடுங்கள். 20 போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வினாடிக்கு 20 அளவு எடுத்தால், பக்கத்து விசிறியிலிருந்து நாற்காலி வழியாக வரும் 15 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 15 ஆட்டம்) அதிர்வு வரைபடத்தில் 5 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு நிற்கும். பார்க்கின்சன் நடுக்கம் வரும் இடமும் அதுதான். எம்பியூ-6050-க்குள்ளேயே, வேகமான அதிர்வுகளை வெட்டிவிடும் தாழ்வலை வடிகட்டி இருக்கிறது, அதை 21 ஹெர்ட்ஸுக்கு வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

முடுக்கமானியின் எல்லையை 4 ஜி-யில், அதாவது பூமியின் ஈர்ப்பைப் போல் நான்கு மடங்கில் வையுங்கள். 5 ஹெர்ட்ஸில் கை இருபக்கமும் 1 சென்டிமீட்டர் ஆடினாலே முடுக்கம் கிட்டத்தட்ட 1 ஜி ஆகிவிடும். பூமியின் ஈர்ப்பு ஏற்கெனவே 1 ஜி. தொடக்கத்தில் இருக்கும் 2 ஜி அமைப்பில் இரண்டும் சேர்ந்து உச்சியில் முட்டும். கைரோவுக்கு வினாடிக்கு 500 டிகிரி. உண்மையில் கைரோவைத்தான் நான் அதிகம் நம்புவேன். கை நடுக்கத்தில் பெரும்பகுதி மூட்டைச் சுற்றிய சுழற்சி, கைரோ அதை நேராக அளக்கும். ஈர்ப்பும் அதற்குத் தெரியாது. முடுக்கமானியிலோ, கை மெல்லத் திரும்பினால்கூட ஈர்ப்பின் பங்கு மாறி அளவைக் குழப்பும்.

இன்னொன்று, எஸ்டி கார்டு எழுதும்போது அவ்வப்போது கொஞ்சம் திணறும். அந்த நேரத்தில் அளவுகள் விட்டுப்போகும். ஒவ்வொரு அளவோடும் மைக்ரோ வினாடியில் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். விட்டுப்போனது அப்போது பளிச்சென்று தெரியும்.

முதலில் இரும்பு ஸ்கேல், அப்புறம்தான் மனிதர்

கருவி தயார் என்றதும் நேரே பெரியவர் கையில் கட்டத் தோன்றும். பொறுங்கள். நம் நாட்டிலேயே இதற்கு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக், 1956-ல் கேப் டவுனில் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேர வேலை பார்த்தார். இன்று மூளையைப் படம் பிடிக்கும் சிடி ஸ்கேனுக்கான கணக்கை அவர் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான். 1979-ல், சிடி ஸ்கேன் கருவியைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். அவருடைய முதல் சோதனைப் பொருள் தலையும் இல்லை, மூளையும் இல்லை. சுற்றிலும் மரம், நடுவில் அலுமினியம், இப்படி ஒரு உருளை. அதன் வழியே கோபால்ட்-60 கதிரைச் செலுத்தி அளந்தார். நடுப்பகுதியில் மட்டும் எண்கள் கொஞ்சம் பிசகின. பட்டறையில் விசாரித்தால், அந்த அலுமினியத்துக்குள் வேறு விதமாகக் கதிரை உறிஞ்சும் ஒரு முளை செருகியிருந்ததாம்! அவருக்கே தெரியாததைக் கருவி கண்டுபிடித்துவிட்டது. விடை தெரிந்த பொருளில் முதலில் அளந்து பார்த்ததால்தான் அந்தச் சின்னப் பிசகுக்கும் மதிப்பு வந்தது.

நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஒரு நீள இரும்பு ஸ்கேல் போதும். ஒரு முனையை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மறுமுனையில் உணரியை ஒட்டி, அழுத்தி விடுங்கள். அது ஆடுவதை போனில் வினாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் ஸ்லோமோஷன் வீடியோவில் பிடியுங்கள். பத்து ஆட்டத்துக்கு எத்தனை சட்டம் என்று எண்ணுங்கள். 480 சட்டம் என்றால் 2 வினாடி, அதாவது 5 ஹெர்ட்ஸ். கருவியின் வரைபடத்திலும் உச்சி அங்கேயே வர வேண்டும். வராவிட்டால் நிரலில் நேரக்கணக்கு எங்கேயோ தப்பு. ஸ்கேலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து 4, 6, 8 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் பாருங்கள். இது முடியும்வரை மனிதர் கையில் கட்டாதீர்கள்.

பதிவு எடுப்பது

உட்காரவைத்து, கைகளைத் தொடை மேல் தளர்வாக வைக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் ஓய்வில்தான் நன்றாகத் தெரியும், மனம் வேறு வேலையில் இருக்கும்போது இன்னும் கூடும். ஆகவே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழியில் பள்ளிக்கூடம் படித்தாரோ அந்த மொழியில் கழிக்கட்டும். மாமாவுக்கு இங்கிலீஷில்தான் கணக்கு வரும். தேவாரம் சொல்கிறேனே என்றார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமானது, மனதுக்கு ஒரு பாரமும் இல்லை, இந்தச் சோதனைக்கு உதவாது என்று சொல்லிப் புரியவைத்தோம்.

அடுத்து இரு கைகளையும் முன்னால் நீட்டி ஒரு நிமிடம். நீட்டிய உடனே நடுங்குகிறதா, சில வினாடி அடங்கியிருந்து அப்புறம் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது விதம் பார்க்கின்சனில் அடிக்கடி காண்பது. மருத்துவர் இதைக் கேட்கலாம். மூன்றாவதாக, விரலால் மூக்கைத் தொட்டு, எதிரே நீட்டிய உங்கள் விரலைத் தொடுவது.

நடுக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். பார்க்கின்சனில் இயக்கம் மெதுவாவதுதான் முக்கிய அடையாளம், நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. உணரியை ஆள்காட்டி விரலுக்கு மாற்றி, கைரோ எல்லையை 2000 டிகிரிக்கு ஏற்றி, கட்டைவிரலோடு பத்து முறை வேகமாக, அகலமாகத் தட்டச் சொல்லுங்கள். போகப்போக உச்சிகள் சிறுத்துக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். என் கணக்கில், மருந்தின் ஏற்ற இறக்கத்தை நடுக்கத்தைவிட இதுவே தெளிவாகக் காட்டியது.

ஒவ்வொரு பதிவுக்கும் நோட்டில் மணி, கடைசி மாத்திரை எப்போது, கடைசிச் சாப்பாடு என்ன என்று எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தையின் வேலை, அவர் எழுத்துதான் எனக்கே படிக்க முடிகிறது. லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை மணி நேரமே ஆகும். சாப்பாட்டில் புரதம் கூடினால் அது மருந்தோடு போட்டி போட்டு உறிஞ்சப்படும். மத்தியானம் ஒரு தட்டு பீன்ஸ் கறி சாப்பிட்ட பிறகு மாத்திரை 'பிடிக்கவில்லை' என்று சொல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதற்காக நேரத்தையோ அளவையோ நீங்களே மாற்றாதீர்கள். எழுதி வையுங்கள், போதும்.

வரைபடம் சொல்வது

கோப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பைத்தான் நிரலில் சராசரியைக் கழித்துவிட்டு, ஆட்டத்தை அலைவெண் வாரியாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கைப் போடுங்கள். வினாடிக்கு 100 என்ற வேகத்தில் 1024 அளவு எடுத்தால் பத்து வினாடிச் சொச்சம், அலைவெண்ணை 0.1 ஹெர்ட்ஸ் துல்லியத்தில் பிரித்துக் காட்டும். 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அவராக அசைத்தது, விட்டுவிடுங்கள். பார்க்கின்சனின் ஓய்வு நடுக்கம் பொதுவாக 4 முதல் 6 ஹெர்ட்ஸ். பரம்பரையாகவும் வரும் எசென்ஷியல் நடுக்கம் 4 முதல் 12, கை வேலை செய்யும்போது தெரியும். எல்லோருக்கும் உள்ள இயல்பான நடுக்கம் 8 முதல் 12. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பார்த்தீர்களா? அதனால்தான் அலைவெண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. 5-ல் ஒரு உச்சியும் 10-ல் ஒரு குட்டி உச்சியும் வந்தால் இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். இரண்டாவது முதலாவதன் மடங்கு, ஆலையில் தினமும் பார்ப்பதுதான்.

பெரிய ஆய்வுக்கூடங்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன, அவர்களுடைய உணரி மூளைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழுவினர், மூளைக்குள் மின்முனை வைத்து வினாடிக்கு நூறுக்கு மேற்பட்ட துடிப்புகள் கொடுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கண்டார்கள். ஆழ்மூளைத் தூண்டல் என்கிற சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. புதிய கருவிகள் தூண்டுவதோடு நிற்காமல் மூளையின் அலையையும் கேட்கின்றன. பார்க்கின்சனில் ஓங்கி நிற்கும் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் பீட்டா அலையைப் பார்த்துத் தூண்டலைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. 2025-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இந்தச் சிகிச்சைக்கு ஒருவர் பொருத்தமானவரா என்று பார்க்கும்போது, லெவோடோபாவுக்கு உடம்பு எவ்வளவு நன்றாக இசைகிறது என்பதை முக்கியமாகக் கேட்பார்கள். மணி குறித்த உங்கள் நோட்டு அங்கே பேசும்.

மருத்துவரிடம் போகும்போது லேப்டாப் வேண்டாம், அதைத் திறப்பதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும். ஒரே ஒரு ஏ4 தாள். கிடைக்கோட்டில் நாளின் மணி, நிமிர்கோட்டில் நடுக்கத்தின் அளவு, மாத்திரை நேரங்களுக்குச் செங்குத்துக் கோடு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் புரிய வேண்டும். மிக மோசமான நேரத்தில் எடுத்த இருபது வினாடி வீடியோ ஒன்றும் போனில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தாரையும் அளந்து பார்க்க ஆசை வந்தால், உடல்நலத் தகவலைத் தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறப்புத் தகவலாகக் கருதுகிறது என்பது நினைவிருக்கட்டும். சம்மதம் கேளுங்கள், பெயரைக் கோப்பில் போடாதீர்கள். தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று நோயாளியின் ஃபைலில் போகட்டும், மற்றது அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தால் காட்டுவதற்கு.