எஃப்-1 மாணவர்களே, அந்தப் பொத்தானை அழுத்தும் முன்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்காவுக்குப் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீடு பிடிப்பதிலிருந்து கோர்ஸ் பதிவு வரை கூடமாட உதவுகிறோம். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் செட்டில் நடந்த அதே தவறுகள் இப்போதும் நடக்கின்றன. வகுப்புக்கு மட்டம் போடாதே, பெட்ரோல் பங்கில் ரொக்கத்துக்கு வேலை பார்க்காதே என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் கோர்ஸை டிராப் செய்வது

எஃப்-1 என்பது மாணவர் விசா. அதில் வந்தவர் முழுநேரப் படிப்பில் இருந்தாக வேண்டும். இளங்கலை என்றால் செமஸ்டருக்கு 12 கிரெடிட். முதுகலைக்குப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும், பல இடங்களில் 9.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சரியாக 9 கிரெடிட் எடுத்திருந்தான். அல்காரிதம்ஸ் மிட்டெர்மில் மார்க் கவிழ்ந்தது. பேராசிரியரைப் பார்த்தான். “டிராப் செய்துவிட்டு அடுத்த செமஸ்டரில் எடு, ஜிபிஏ தப்பிக்கும்” என்றார். ராத்திரியோடு ராத்திரியாக போர்ட்டலில் பொத்தானை அழுத்திவிட்டான். அது கட்டணம் திரும்ப வராது என்று மட்டும் எச்சரித்தது. கையில் மிஞ்சியது 6 கிரெடிட். சில நாளில் மின்னஞ்சல் வந்தது: வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் அவன் பதிவு ரத்து.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். பேராசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அவர் பார்ப்பது ஜிபிஏவை. நீங்கள் இங்கே படிக்கத் தகுதி உண்டு என்று பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்குப் பொறுப்பு சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டிஎஸ்ஓ என்ற அதிகாரி. அவர் முதலில் செவிஸில் அனுமதியைப் பதிய வேண்டும், அப்புறம்தான் டிராப். உடல்நலக் காரணத்துக்கு டாக்டர் கடிதத்தோடு அனுமதி உண்டு. கடைசி செமஸ்டரில் பாக்கி குறைவாக இருந்தாலும் உண்டு. ஆங்கிலமோ இங்குள்ள கற்பிக்கும் முறையோ பிடிபடவில்லை, தகுதிக்கு மீறிய பாடத்தில் சேர்ந்துவிட்டோம் என்றாலும் கேட்கலாம். அப்போதும் பாதிச் சுமையையாவது படித்தாக வேண்டும். மார்க் குறையும் என்ற பயம் இந்தக் காரணங்களில் இல்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. ஒரு பாடத்தில் எஃப் (ஃபெயில்) வாங்கினால் அதனாலேயே ஸ்டேட்டஸ், அதாவது மாணவராக இங்கே தங்கும் சட்டப்படியான நிலை, போகாது. கேட்காமல் டிராப் செய்து முழுநேரத்துக்குக் கீழே போய் வாங்கும் ‘டபிள்யூ’வால் (பாடத்தை விட்டதற்கான குறி) போகும். மார்க் பட்டியலில் அழகாகத் தெரிவது எது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு நூலக வேலை அன்றே நின்றது. எதிரே இரண்டு வழி. ஐ-539 படிவத்தில் ஸ்டேட்டஸை மீட்கக் கேட்கலாம். ஸ்டேட்டஸ் போன 5 மாதத்துக்குள் போட வேண்டும், முடிவு வரும்வரை வேலை பார்க்க முடியாது. அல்லது நாட்டை விட்டுப் போய்ப் புது ஐ-20யுடன் வரலாம். மறுபடி 350 டாலர் செவிஸ் கட்டணம், அதோடு இன்டர்ன்ஷிப்புக்கும் ஓபிடிக்கும் (படிப்பு சார்ந்த வேலை அனுமதி) தேவையான ஒரு கல்வியாண்டு முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது வழியில் போனான். கையில் இருந்த கோடைக்கால இன்டர்ன்ஷிப் போயே போனது.

விசா தேதியைப் பார்த்துவிட்டு ஐ-20யை மறப்பது

பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை உள்ளே நுழைவதற்கு. படிக்கும்போது அது காலாவதியானால் பதற வேண்டாம். ஐ-20யில் உள்ள முடிவுத் தேதிதான் முக்கியம். தீசிஸ் இழுக்கிறது என்று தெரிந்தவுடன் நீட்டிப்புக் கேளுங்கள். தேதி தாண்டிய மறுநாள் போனால் டிஎஸ்ஓவால் நீட்டித்துத் தர முடியாது.

ஆன்லைன் வகுப்பு

செமஸ்டருக்கு ஒன்று, 3 கிரெடிட் வரைதான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும்.

கேம்பஸ் வேலை

வகுப்பு நடக்கும் காலத்தில், இரண்டு இடத்தில் பார்த்தாலும் சேர்த்தே வாரம் 20 மணி நேரம்தான்.

வீடு மாறினால்

10 நாளுக்குள் டிஎஸ்ஓவுக்குத் தெரிவியுங்கள்.

ஓபிடியைத் தள்ளிப்போடுவது

படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை பதிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற இன்னொரு கெடு உள்ளே இருக்கிறது. பரிந்துரையுள்ள ஐ-20 கைக்கு வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.