ஃபோர் வீல் வண்டிக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாக ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரங்களையும் என்ஜின் இழுக்கவைக்கும் வண்டி, எடுக்க நினைப்பவர்களில் பலர், ஷோரூம் படியேறுவதற்கு முன்பே கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மலையேற மேனுவல், ஊருக்குள் ஓட்ட ஆட்டோமேட்டிக் என்பது அந்த முடிவு. சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் ஜீப் ஓட்டிப் பழகிய பெரியவர்களின் வாய்ச்சொல் என்பதால் அதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் ஓட்டிய ஜீப்களில் ஆட்டோமேட்டிக் என்ற ஒன்றே கிடையாது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து அவர்கள் இப்படிச் சொல்லவில்லை. இந்தத் தேர்வில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஏற்றத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பதால் வருகின்றன என்பது என் கருத்து. இறக்கமும், வாரத்தில் ஆறு நாள் போய்வரும் சாதாரணச் சாலையும்தான் கியர்பாக்ஸைத் தீர்மானிக்க வேண்டியவை.

முதலில், கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிகளையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. சிறிய கார்களில் பரவலாக வரும் ஏ.எம்.டி. என்பது உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாகத் தானியங்கிக் கருவிகள் செய்கின்றன. கியர் படிகளே இல்லாத சி.வி.டி., இரட்டைக் கிளட்ச் வகைகள் வேறு. மஹிந்திரா தார், தார் ராக்ஸ், ஸ்கார்பியோ-என், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் வருவது டார்க் கன்வர்ட்டர் வகை. அதில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய ஒரு கூடு இருக்கிறது. என்ஜின் அந்த எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் அந்தக் கூட்டுக்குள் மறுபக்கத்தில் இருக்கும் விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வண்டி நிற்கும் நிலையிலிருந்து நகரத் தொடங்கும் நேரத்தில் என்ஜினின் திருப்புவிசையை இது ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருக்கித் தரும். நண்பரின் ஏ.எம்.டி. கார் ஏற்றத்தில் பின்னுக்கு உருண்டதைப் பார்த்துவிட்டு ‘ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது’ என்று சொல்பவர், வேறொரு இயந்திரத்தின் குறையை இதன் தலையில் கட்டுகிறார்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பாறை துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வண்டிப்பாதையில் முன்சக்கரம் பாறைப் படி ஒன்றில் முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் ஓட்டுபவர், பழக்கம் இல்லாதவராக இருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே கிளட்சைப் பாதி விட்டுப் பிடிப்பார். சக்கரம் படியில் ஏறாது, பிளேட் வழுக்கும், சில நொடிகளில் தீய்ந்த வாசனை கேபினுக்குள் வரும். சக்கரங்கள் மெதுவாகவும் அதிக விசையோடும் சுழலும் ‘4எல்’ எனப்படும் தாழ்நிலையில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுவதுமாக விட்டுவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, என்ஜினை அதன் போக்கில் இழுக்கவிடுவதே சரியான முறை. இதைத் தெரிந்தவர் கையில் மேனுவல் அழகாக ஏறும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வித்தையே தேவையில்லை; பிரேக்கை மெல்ல விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் விசை திரண்டு சக்கரம் படியேறும், என்ஜின் அணையாது. ஆகவே ஏற்றத்தைப் பொறுத்தவரை, புதிதாகக் கற்பவருக்கு உதவுவது ஆட்டோமேட்டிக்தான். மேனுவல்தான் ‘உண்மையான’ ஃபோர் வீல் என்று நம்பி வாங்கி, முதல் மழைக்காலத்திலேயே கிளட்ச் பிளேட் மாற்ற நிற்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

மேனுவலுக்கு இன்னொரு சிக்கல் பாதி ஏற்றத்தில் என்ஜின் அணைந்துபோவது. கிளட்சைத் தொடாமல், ரிவர்ஸ் கியரில் வைத்தே ஸ்டார்ட் செய்து பின்னிறங்கும் பழைய உத்தியைப் பலர் சொல்லித் தருவார்கள். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இன்றைய பல வண்டிகளில் இருப்பதால் அந்த உத்தி அப்படியே செல்லாது. எடுக்கப்போகும் வண்டியில் அது எப்படி என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் கணக்கு மாறுகிறது. பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்து கியர் மேனுவலில் முதல் கியர், தாழ்நிலைப் பல்சக்கரம், அச்சு மூன்றின் பல்விகிதங்களையும் பெருக்கினால் ஏறத்தாழ 36 வருகிறது; நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஏறத்தாழ 25தான் வருகிறது. இந்த எண் கூடக்கூட வண்டி மெதுவாகவும் அதிக விசையோடும் நகரும். ஏறும்போது இந்தக் குறையை டார்க் கன்வர்ட்டர் ஈடுகட்டிவிடுகிறது. இறங்கும்போது அதனால் அப்படிச் செய்ய முடியாது. மாறாக, நடுவே இருப்பது எண்ணெய் என்பதால் என்ஜின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடியும் சற்றுத் தளர்கிறது. மேனுவலில் தாழ்நிலை முதல் கியரில் இரண்டு கால்களையும் எடுத்துவிட்டால் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் தானே இறங்கும். அதே சரிவில் ஆட்டோமேட்டிக் சற்று வேகமாக நழுவும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டும், அல்லது இறக்கக் கட்டுப்பாட்டு வசதியை இயக்க வேண்டும். அந்த வசதியும் பிரேக்கைக் கொண்டுதான் வேலை செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து விடுவதால் கடகடவென்று சத்தம் வரும். அது பழுது அல்ல. ஆனால் நீண்ட சரிவு என்றால் பிரேக் சூடாகும்.

தார்ச் சாலையிலும் இதே விஷயம் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்தாவது செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் தெரியும். ஆட்டோமேட்டிக் வாங்கியவர் அங்கே ‘டி’யில் (டிரைவ்) விட்டுவிட்டுப் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவது பெரும் தவறு. ஜிம்னியில் ‘2’, ‘எல்’ என்ற நிலைகளும் மேல் கியரைத் தடுக்கும் பொத்தானும் இருக்கின்றன. தாரில் லீவரைத் தள்ளிக் கையாலேயே கியரைக் குறைக்கலாம். இந்த வசதிகளைத் தொட்டே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்க முடிகிறது. கியர்பாக்ஸ் எதுவாக இருந்தாலும், டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் மிச்சமும் கிடையாது, ஏனென்றால் கியரில் இறங்கும்போது இன்றைய என்ஜின்கள் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் என்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் போக வேண்டியிருக்கிறது.

ஆட்டோமேட்டிக்குக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. தென்பெண்ணைக் கரையோரத் தோப்புகளுக்குப் போகும் மணல் பாதைகளில் ‘4எச்’ எனப்படும் சாதாரண ஃபோர் வீல் நிலையிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால் டார்க் கன்வர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கி வழுக்கிக் கொதிக்கும். தாழ்நிலைக்கு மாறினால் அந்த வழுக்கல் குறையும். மாற்றும்போது வண்டியை நிறுத்தி, ஆட்டோமேட்டிக் என்றால் ‘என்’னிலும் (நியூட்ரல்), மேனுவல் என்றால் கிளட்சை முழுவதும் மிதித்தும் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூட்டுக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ஜினை உடனே அணைத்துவிடாமல், நிழலில் நிறுத்தி ‘பி’யில் (பார்க்கிங்) வைத்துச் சும்மா ஓடவிடுங்கள், எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றினால்தான் ஆறும். (டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் மணலில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது கியர்பாக்ஸ் விவாதத்தில் யாரும் காதில் வாங்காத உண்மை. தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும்.)

அடுத்தது, கியர்பாக்ஸை முடிவுசெய்துவிட்டு அந்தக் கியர்பாக்ஸோடு ஃபோர் வீல் வருகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டுவது. மூன்று கதவுத் தாரில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள பெட்ரோல் வண்டி ஆட்டோமேட்டிக்கில்தான் வருகிறது; 1.5 லிட்டர் டீசல் பின்சக்கர வண்டி மேனுவலில்தான் வருகிறது. இரண்டிலும் தாழ்நிலை கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு ராக்ஸில் ஃபோர் வீல் டீசலுக்கு மட்டுமே தரப்பட்டது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ராக்ஸ் வாங்கியவர் பின்சக்கர வண்டியைத்தான் வாங்கியிருக்கிறார். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னச்சு, பின்னச்சு இரண்டுக்கும், அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக் இருக்கிறது, ஆனால் ஆட்டோமேட்டிக்கே இல்லை. பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், முன்பதிவுச் சீட்டில் ஃபோர் வீல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சாலை வரியைத் தவிர. ஒரே வண்டியில் ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கூடுதலாகக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 விழுக்காடும், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடும் சாலை வரி. மேனுவல் 19.5 லட்சம், ஆட்டோமேட்டிக் 21 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரி 3.51 லட்சத்திலிருந்து 4.20 லட்சமாகிறது, விலை வித்தியாசம் போக இன்னும் 69,000 ரூபாய். ஆன்-ரோடு விலையை இரண்டுக்கும் எழுதி வாங்காமல் ‘ஒரு லட்சம்தானே வித்தியாசம்’ என்று எண்ணுவது கடன் தவணையில்தான் உறைக்கும்.

அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலை போன்ற இடங்களில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். பேட்டரி சற்றுத் தளர்ந்த மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஒரு வாய்ப்பாவது உண்டு. அதிலும் பேட்டரி முழுவதும் செத்துப்போயிருந்தால் இன்றைய மின்னணு என்ஜின்கள் எழாது. ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது, ஏனென்றால் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தரும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். அதே காரணத்தால், என்ஜின் அணைந்த ஆட்டோமேட்டிக்கை வெறுமனே ‘என்’னில் போட்டு டிராக்டரில் கட்டி நெடுந்தூரம் இழுத்துவந்தால் உள்ளே எண்ணெய் இல்லாமல் பாகங்கள் தேயும். தாரில் ஃபோர் வீல் லீவரிலேயே தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் இழுக்கும்போது எந்த லீவர் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் படித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வாங்கினால், ஜம்பர் கேபிளோ கையடக்க ஸ்டார்ட்டரோ வண்டியில் நிரந்தரமாக இருக்கட்டும். சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குவது குற்றம் என்பதையும், அது யானை நடமாடும் காடு என்பதையும் தனியாக நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி எங்கே கழியும் என்ற கேள்வி இருக்கிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருபவர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறுவதற்காக மேனுவல் வாங்கினால், மற்ற நாள்களில் நெரிசலில் இடது முழங்கால்தான் விலை கொடுக்கும். அவருக்கு ஆட்டோமேட்டிக்கே பொருத்தம், இறங்கும் பாடத்தை மட்டும் அவர் தனியாகக் கற்க வேண்டும். பாலக்கோடு, அரூர் பக்கத்தில் நிலம் வைத்திருந்து, வாரத்தில் பல நாள் கரடுமுரடான சரிவில் உரமூட்டையோடு ஏறி இறங்குபவர், கிளட்ச் கைவந்தவராகவும் இருந்தால், மேனுவலை விட்டுக்கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒரே வண்டியை அப்பா, மகள், டிரைவர் என்று மூவர் ஓட்டும் வீட்டில், மூவரில் பழக்கம் குறைந்தவர் யாரோ அவரை வைத்து முடிவெடுப்பதுதான் முறை.

அதனால்தான் டெஸ்ட் டிரைவை நான்கு வழிச் சாலையில் ஒரு சுற்றோடு முடித்துக்கொள்வது வீண். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கியர்பாக்ஸும் நன்றாகத்தான் இருக்கும், ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் நான்கே கியர் என்பதால் என்ஜின் சத்தம் மட்டும் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். செங்குத்தான மண்சரிவு ஒன்றுக்கு வண்டியை எடுத்துப்போக அனுமதி கேளுங்கள். அங்கே தாழ்நிலையில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் முதலில் கீழே இறங்கிப் பாருங்கள். பிறகு அதே சரிவில் ரிவர்ஸில் மேலே ஏறுங்கள், நடுவில் நிறுத்தி மறுபடி எடுங்கள். இதை இரண்டு வகை வண்டியிலும், வீட்டில் ஓட்டப்போகிறவர்கள் அனைவரும் செய்து பார்க்க வேண்டும். ஷோரூமில் மறுத்தால், அதே வண்டி வைத்திருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாம்.