புரசம்பூவில் பருத்தித் துணிக்குச் சாயமேற்றுவது எப்படி?

மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டுக் கிளை முழுக்க ஆரஞ்சு நிறப் பூவோடு நிற்கும் மரம் புரசு. பலாசு என்றும் சொல்வார்கள். சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரில் இருப்பது இந்த மரம்தான். இதன் பூவைக் கொதிக்கவைத்து வெள்ளைத் துணியை முக்கினால் மஞ்சள் உடனே பிடிக்கும், ஆனால் இரண்டு சலவையில் போய்விடும். நிறத்தை நிற்கவைப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலையில் முக்கால் பங்கு, பூவைத் தொடுவதற்கு முன்பே துணியில் நடக்கிறது.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 100 கிராம் உலர்ந்த துணிக்கு. உங்கள் துணி 250 கிராம் என்றால் எல்லாவற்றையும் இரண்டரை மடங்கு ஆக்குங்கள். தராசு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒரு கைப்பிடி, இரண்டு கரண்டி என்று போட்டால் அடுத்த முறை அதே நிறம் வராது.

பூ

முள்முருக்கைப் புரசு என்று நினைத்துப் பறித்து வருபவர்கள் உண்டு. இரண்டுக்கும் மூன்று மூன்றாக இலை, இரண்டும் சிவந்த பூ. முள்முருக்கின் கிளையில் முள் இருக்கும், புரசில் இருக்காது. புரசம்பூவின் அடியில் இருக்கும் புல்லிவட்டம் கருத்து, வெல்வெட் போல இருக்கும். அதைப் பார்த்தாலே போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

மரத்தில் இருக்கும் பூவைப் பறிக்காதீர்கள். தேன்சிட்டும் மைனாவும் அந்தப் பூவுக்கு வரும். காய் பிடிப்பது அவற்றை நம்பித்தான். காலையில் மரத்தடியில் புதிதாக விழுந்து கிடப்பதே சாயத்துக்குத் தாராளம். மண்ணை உதறி, நிழலில் பரப்பிச் சருகாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் பூ இல்லாத மாதங்களிலும் கைகொடுக்கும். தெளிவான மஞ்சள் வேண்டுமென்றால் காயவைக்கும் முன்பே கருத்த புல்லிவட்டத்தைக் கிள்ளிவிடுங்கள். நான் எப்போதும் கிள்ளிவிடுவேன்.

பாத்திரம்

எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் மட்டும். இரும்பும் அலுமினியமும் சாயத்தோடு வினை செய்து நிறத்தை மாற்றும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கிளற ஒரு மரக்குச்சி, வடிகட்ட ஒரு பழைய மெல்லிய துணி. இவ்வளவுதான்.

துணியைக் கழுவுதல்

முழுப் பருத்தித் துணியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த இழைகளில் சாயம் ஏறாது. புதுத் துணியில் கஞ்சி, மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாம் இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு, துணியை ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறினால் கொட்டிவிட்டு இன்னொரு முறை. பிறகு நன்றாக அலசிக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் துணி தயார். முத்தாக நின்றால் இன்னும் பசை இருக்கிறது.

கடுக்காய், அப்புறம் படிகாரம்

இங்கேதான் நிதானம் வேண்டும். எனக்கு அதிக நாள் பிடித்ததும் இந்தப் படிதான்.

பட்டும் கம்பளியும் புரத இழைகள், படிகாரத்தைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. படிகாரக் கரைசலில் முக்கி எடுத்தாலும் அலசும்போது பெரும்பகுதி போய்விடும். அதனால் முதலில் துணியில் துவர்ப்பை ஏற்ற வேண்டும். கடுக்காயில் இருக்கும் டானின் பருத்தியில் ஒட்டும். டானினில் படிகாரத்தின் அலுமினியம் ஒட்டும். அந்த அலுமினியத்தைத்தான் பூவின் சாயம் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஒன்றை விட்டாலும் நிறம் நிற்காது.

கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 20 கிராம் எடுத்து, சுடுதண்ணீரில் கரைத்து ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். பொடி மூக்கில் ஏறும், முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. வடிகட்டிய நீரில், துணி தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, ஈரத் துணியை விரித்தபடி போட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மடிப்பாகக் கிடந்தால் மடிப்பில் திட்டு விழும், அவ்வப்போது புரட்டிவிட வேண்டும்.

காலையில் பிழிந்து, அலசாமல் காயவையுங்கள். துணி மங்கலான மஞ்சளாகி லேசாகக் கடுக்காய் வாடை அடிக்கும். அழுக்கு ஒட்டிக்கொண்டது போலத் தோன்றி, அலசிவிடக் கை பரபரக்கும். அலசாதீர்கள். நமக்கு வேண்டியதே அதுதான்.

துணி முழுக்கக் காய்ந்த பிறகு படிகாரம். 15 கிராம் படிகாரத்தைப் பொடித்துச் சுடுதண்ணீரில் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரையுங்கள். கரையாத துண்டு துணியில் பட்ட இடத்தில் அடர்ந்த புள்ளி விழும். அதில் தண்ணீர் சேர்த்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் துணியைப் போட்டு இன்னோர் இரவு விடுங்கள். பிழிந்து காயவைத்து, சாயத்தில் போடும் முன்பு மட்டும் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் அலசி, ஒட்டாத படிகாரத்தை நீக்குங்கள்.

கடுக்காய், படிகாரம் இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். கடுக்காயை முழுதாக வாங்கி நீங்களே தட்டிப் பொடிக்கச் சொல்வேன். தயார்ப் பொடியில் கொட்டையும் சேர்த்து அரைத்திருக்க வாய்ப்பு உண்டு, துவர்ப்பு குறையும்.

சாயம்

காய்ந்த பூ 150 கிராம். புதுப் பூ என்றால் அதைப் போல நான்கு மடங்கு. இரவு ஊறவைத்து, மறுநாள் கொப்புளம் வராத இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நிறம் மங்கிப் பழுப்படிக்கும். வடிகட்டிய சாற்றில் ஈரத் துணியைப் போட்டு, அதே இளஞ்சூட்டில் முக்கால் மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். அடுப்பை அணைத்து, துணி சாற்றிலேயே ஆறட்டும். பிழிந்து, நிழலில் காயவைத்து, சில நாள் கழித்து அலசுங்கள்.

இப்போது கையில் இருப்பது வெதுவெதுப்பான மஞ்சள். ஆரஞ்சு வேண்டுமென்றால் சாற்றில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா போடுங்கள், அல்லது சுண்ணாம்புத் தெளிவு சில சொட்டு. பூவில் இருக்கும் ஐசோபியூட்ரின், பியூட்டீன் போன்ற நிறமிகள் காரத்தில் சிவப்புப் பக்கம் நகரும். கண்முன்னே மாறுவதைப் பார்க்கலாம். அதிகம் போட்டால் மண் நிறத்துக்குப் போய்விடும். அதனால் முழுத் துணியையும் மாற்றும் முன்பு, அதே துணியில் வெட்டி, அதே படிகளைக் கடந்த ஒரு துண்டை முக்கிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீரில் சாயமேற்றிய துணியை ஒரு நிமிடம் முக்கினால் ஆலிவ் பச்சையாகும். எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. ஆனால் இரும்பு கூடினால் நூல் நாளடைவில் இற்றுப்போகும், கொஞ்சமாகத்தான்.

சாறெடுத்த பூவை எறியாதீர்கள், செடிக்கு உரமாகும். இந்த மரத்தில் வீணாகப் போவது குறைவு. இலையைத் தைத்து உண்கலமாக்குவார்கள், குச்சி ஹோமத்தில் சமித்து. பட்டையைக் கீறினால் சிவந்த பிசின் வடியும். அரக்குப் பூச்சி வளர்க்கும் மரங்களில் இதுவும் ஒன்று. வடநாட்டில் ஹோலிக்கு இந்தப் பூவை ஊறவைத்த தண்ணீரைத்தான் பழைய முறையில் தெளிப்பார்கள்.

பின்னர் சேர்த்தது

செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்க்கிறேன்.

துணியில் கரும்புள்ளி வந்திருக்கிறது என்றால் காரணம் இரும்பு. கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்தால் கருப்புதான். துருப்பிடித்த கொடிக்கம்பி, வாளியின் கைப்பிடி, க்ளிப்பின் ஸ்பிரிங், எல்லாவற்றையும் பாருங்கள். துணி முழுவதுமே சாம்பல் பூத்தது போல் இருந்தால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கலாம். மழைநீருக்கு மாறிப் பாருங்கள்.

கடுக்காய், படிகாரத்துக்குப் பதிலாக உப்பும் வினிகரும் போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. இந்தச் சாயத்தைப் பருத்தியோடு பிணைக்கும் வேலையை இரண்டுமே செய்யாது. மஞ்சள்தூள் எதுவும் இல்லாமலே ஒட்டுகிறதே என்றால், ஒட்டும்தான், ஆனால் வெயிலில் வேகமாக வெளுத்துவிடும். புரசம்பூ நிறமும் வெயிலுக்கு அவ்வளவு உறுதியானது அல்ல. திரைச்சீலைக்கு வேண்டாம். மேல்துண்டு, குழந்தைச் சட்டை, தலையணை உறைக்கு நன்றாக இருக்கும்.

சலவைப் பொடியில் காரம் இருப்பதால் மஞ்சள் திடீரென்று ஆரஞ்சாகும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துவையுங்கள்.

பட்டுக்குச் செய்வதானால் கடுக்காய் தேவையில்லை. சோடாவில் கொதிக்கவைக்கவும் கூடாது, பட்டு பாழாகிவிடும். மென்மையான சோப்பில் அலசி, படிகாரம் 10 கிராம் போட்டு, நேராகச் சாயத்துக்குப் போகலாம். பருத்தியைவிடப் பளிச்சென்று வரும்.